டிவியா கம்ப்யூட்டரா, கரண்டை அதிகம் இழுப்பது எது? உதவி தேவை

ஈசூன்அம்மா:
வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஐந்து பேர் இருக்கிறோம். போன மாத பியூபி பில்லில் (தண்ணீர், கரண்ட் பில்) கரண்ட் மட்டும் 520 யூனிட் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் 380-ஐத் தாண்டியதே இல்லை. வீட்டுக்குப் புதிதாக வந்தது மகனின் கேமிங் கம்ப்யூட்டர் மட்டும்தான். பள்ளி விடுமுறை என்பதால் அவன் அதிலேயே இருக்கிறான். ஆனால் என் வீட்டுக்காரர் கைகாட்டுவது ஹாலில் உள்ள 55 அங்குல டிவியை. "காலையிலிருந்து ஓடினால் பில் ஏறாதா?" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அது அவருடைய அப்பா, என் மாமா காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் டிவியே போடுவதில்லை. முட்டிவலியால் வாய்ட் டெக்குக்கும் (கட்டடத்தின் கீழ்த்தளத் திறந்தவெளி) இறங்க முடியாதவர். சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனசே ஆறவில்லை. டிவிக்குப் பின்னால் 160 வாட் என்றும், கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் 650 வாட் என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

தெம்பனிஸ்_தம்பி:
650 வாட் என்றால் பத்து மணி நேரத்துக்கு 6.5 யூனிட், மாதத்துக்கு 195. விஷயம் முடிந்தது அக்கா.

பழைய_வயர்மேன்:
தம்பி, உங்கள் கணக்கு அவர்கள் பில்லோடே ஒத்துவரவில்லை. கூடுதலாக வந்ததே 140 யூனிட்தான். 650 என்பது அந்தப் பவர் சப்ளை அதிகபட்சமாகக் கொடுக்கக்கூடிய அளவு. கம்ப்யூட்டர் எப்போதும் அவ்வளவு எடுக்கும் என்று அர்த்தமில்லை. கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு நிறைய இழுக்கும். சும்மா இருக்கும்போது நூறுக்குள் அடங்கலாம். டிவியின் 160-ம் உச்ச அளவாக இருக்கலாம், திரை வெளிச்சத்தைக் குறைத்தாலே இறங்கும். அதனால் எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள் அம்மா, அளந்து பாருங்கள். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் சிம் லிம் சதுக்கத்தில் கிடைக்கும். நம்முடைய மூன்று முள் பிளக்குக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் மாமா இத்தனை வருடமாக இதே டிவியைத்தானே பார்க்கிறார்? பழைய பில்லுக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது. திடீரென்று ஏறியதற்கு அது எப்படிக் காரணமாகும்?

செங்காங்_வாசி:
வீட்டு மின் மீட்டரை ஸ்மார்ட் மீட்டராக மாற்றியிருந்தால், மின்சார நிறுவனமான எஸ்பியின் செயலியில் அரை மணிக்கு அரை மணி பயன்பாடு தெரியும். எல்லோரும் தூங்கும் விடியற்காலை 3 மணியைப் பாருங்கள். அப்போதும் கோடு உயரமாக இருந்தால் ஏதோ ஒன்று அணையாமல் ஓடுகிறது.

ஈசூன்அம்மா:
மீட்டர் வாங்கி நான்கு நாள் அளந்தேன். டிவி: 105 வாட். ரிமோட்டில் அணைத்த பிறகு ஒரு வாட்கூட இல்லை. கம்ப்யூட்டர், மானிட்டரோடு சேர்த்துக் கேம் ஆடும்போது 340 வாட். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு அவன் தூங்கப் போனபின் பார்த்தால் 82. அது இரவு முழுக்க அப்படியே நிற்கிறது. பகலில் அவன் வெளியே போனாலும் அதே 82தான்.

பழைய_வயர்மேன்:
அப்படியானால் கணக்கு போட்டுவிடலாம். ஆறு மணி நேரம் கேம், நாளைக்கு 2 யூனிட்டுக்குச் சற்று மேல். மீதி 18 மணி நேரம் சும்மா எரிவது கிட்டத்தட்ட 1.5 யூனிட். மாதத்துக்கு 105 யூனிட் வருகிறது. யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 31 வெள்ளிக்கு (டாலர்) மேல். மாமாவின் டிவி ஏழு மணி நேரம் ஓடினாலும் மாதம் 22 யூனிட்தான், ஏழு வெள்ளிகூட வராது. யாரும் தொடாமல் நிற்கிற கம்ப்யூட்டர் மட்டுமே அதைப்போல் இரண்டு மடங்கு எடுக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு இதைக் காட்டுங்கள்.

மிச்சம் 35 யூனிட் ஏர்கானாக இருக்கும். கம்ப்யூட்டர் எடுக்கும் மின்சாரமெல்லாம் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வரும். நம் ஊர் வெக்கையில் அந்தச் சூட்டையும் ஏர்கான்தான் வெளியே தள்ள வேண்டும். ஒரே கரண்டுக்கு இரண்டு முறை காசு கட்டுகிறோம்.

தெம்பனிஸ்_தம்பி:
அவசரப்பட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். 20 நிமிடம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானே தூங்கும்படி ஸ்லீப் அமைப்பை வைக்க மகனிடம் சொல்லுங்கள். ஸ்கிரீன் சேவர் வேண்டாம், அது கரண்டை மிச்சப்படுத்தாது. கேமில் ஃபிரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 60-க்கு மட்டுப்படுத்தினால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வேலை குறையும்.

ஈசூன்அம்மா:
ஸ்லீப் வைத்தான். ஆனால் தூங்கவே மாட்டேன் என்கிறது, மீட்டரில் இன்னும் 82.

செங்காங்_வாசி:
ஏதோ ஒரு செயலி விழிக்கவைத்திருக்கிறது. விண்டோஸில் கட்டளை தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, powercfg /requests என்று கொடுத்தால் எது என்று பெயரோடு காட்டும்.

ஈசூன்அம்மா:
பின்னால் திறந்தே கிடந்த ஒரு டவுன்லோட் செயலி. அதை மூடியதும் 2 வாட்டுக்கு இறங்கிவிட்டது! மகனே தாத்தாவிடம் போய் மீட்டரைக் காட்டி விளக்கினான். என் வீட்டுக்காரரும் எண்களைப் பார்த்துவிட்டு, அவராகவே ரிமோட்டை எடுத்துத் தன் அப்பா கையில் கொடுத்தார். இதை எழுதும்போது ஹாலில் வசந்தம் சேனலின் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. அடுத்த பில் வந்ததும் யூனிட்டை இங்கே போடுகிறேன்.