பிளென்னி பவளத்தைக் கொத்துகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். என் 200 லிட்டர் பவளத் தொட்டியில் முடிப்பாசி ஏறியதால் பாசி தின்னும் மீனான லான்மோவர் பிளென்னி ஒன்றை விட்டேன். முதல் மாதம் கண்ணாடியெல்லாம் உதட்டு அச்சு பதியச் சுரண்டித் தின்றது, பார்க்கவே வேடிக்கை. இப்போது பாசி தீர்ந்து, வயிறு ஒட்டிப்போய், கிளிப்பில் நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) மாட்டினாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அதைவிட மோசம், கல்பவளம் ஒன்றின் விளிம்பைக் கொத்த ஆரம்பித்திருக்கிறது. நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.03 பிபிஎம், உப்படர்த்தி 1.025, தண்ணீரில் குறையில்லை என்றுதான் நினைக்கிறேன். பதிலுக்கு மஞ்சள் டேங் என்ற பாசி தின்னும் மீனை விடலாம் என்கிறார்கள், அது நீந்த இந்தத் தொட்டி போதாது, அந்த யோசனை வேண்டாம். நோரியைச் சின்னக் கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி அடியில் வைத்தால் தின்னுமா? அப்படிப் பழக்கியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், கொத்தும் பழக்கம் வயிறு நிறைந்தால் நிற்குமா, இல்லை மீனை மாற்றித்தான் ஆக வேண்டுமா?