யாருடைய விருப்பமும் இல்லாமல் வரும் துன்பத்துக்கு என்ன விளக்கம்?

கருணையுள்ள கடவுள் இருக்கும்போது துன்பம் ஏன் என்ற கேள்வியில் மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். கொலை, போர் எல்லாம் மனிதரின் சுதந்திர விருப்பத்தால் வருபவை, சரி. 1755-இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கம்?

தீமை என்பது நன்மையின் குறைபாடுதான் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டினின் விளக்கத்தைப் படித்தேன். வலியில் துடிப்பவருக்கு அது வெறும் குறைபாடாகவா தெரியும்? சாத்தியமான உலகங்களில் இதுவே சிறந்தது என்று ஜெர்மன் தத்துவவாதி லைப்னிஸ் 1710-இல் எழுதியதும் மனதில் ஒட்டவில்லை. வினைக்கோட்பாடு பதில் தருகிறது, ஆனால் நோயுற்ற குழந்தையின் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் என்கிறார் சமயத் தத்துவவாதி ஜான் ஹிக். காட்டுத்தீயில் கருகி, யாரும் பார்க்காமல் சாகும் மான்குட்டியை 1979-இல் தத்துவவாதி வில்லியம் ரோ உதாரணம் காட்டினார். அதற்கு எந்தப் பக்குவம்?

விலங்குகளின் வலியையும் கணக்கில் எடுத்து, கடவுளின் கருணையையும் விட்டுக்கொடுக்காத விளக்கத்தை எந்த மரபில், யாரிடம் தேடலாம்?