கூடாரப் பண்டிகை: மகிழ்ச்சியைக் கட்டளையிட முடியுமா?

தென்றல்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, திருமணத்துக்கு முன்பே முறைப்படி யூத சமயத்தைத் தழுவியவள் நான். யோம் கிப்பூர் நோன்பு முடிந்த சில நாட்களில், யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 15ஆம் தேதி, சுக்கோத் எனப்படும் கூடாரப் பண்டிகை தொடங்குகிறது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆண்டுதோறும் சுக்கா என்னும் தற்காலிகக் கூடாரத்தைக் கட்டி வந்தவர் என் மாமனார்; அவர் சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். கணவர் நாள் தவறாமல் ஜெப ஆலயத்துக்குப் போய்க் கதீஷ் என்னும் துக்க காலப் பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு வருகிறார், வீட்டிலோ அதிகம் பேசுவதில்லை. இந்நிலையில் ‘உன் பண்டிகையில் மகிழ்ந்திரு’ என்னும், வேதத்தின் உபாகம நூலில் உள்ள வசனத்தைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கட்டளைக்குப் பணிந்து உண்ணாமல் இருக்கலாம், வேலை செய்யாமல் இருக்கலாம். கட்டளைக்குப் பணிந்து மகிழ்வது எப்படி? கம்புகளையும் துணிகளையும் தூக்கிக் கட்டி, ஏழு நாள் உணவை வெளியே கொண்டுபோய்ப் பரிமாறி, முகத்தில் சிரிப்பையும் ஒட்டவைத்துக்கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சகோதரி, உங்கள் மாமனாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நீங்கள் குறிப்பிட்ட வசனத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிப் படியுங்கள். உபாகமம் 16:14 மகிழச் சொல்வதோடு நிற்கவில்லை. யார் யாரோடு மகிழ வேண்டும் என்று மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன் (ஆலயப் பணிக்குரிய குலத்தவன்), அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை என ஒரு வரிசையையே தருகிறது. அந்த வரிசையில் பாதிப்பேர் இழப்பைச் சுமப்பவர்கள் அல்லது சொந்த நிலம் இல்லாதவர்கள். ஆகவே அங்கே கேட்கப்படுவது மனநிலை என்பதைவிட ஒரு செயல் என்றே நான் கொள்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் ‘மிஷ்னே தோரா’ என்னும் தம் சட்டத் தொகுப்பில் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்: குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைப்பருப்பும் இனிப்பும் கொடு, வசதிக்கேற்ப மனைவிக்கு ஆடை வாங்கு, ஆனால் வாசலைப் பூட்டிக்கொண்டு, ஏழைகளுக்கும் மனம் நொந்தவர்களுக்கும் கொடுக்காமல், தன் குடும்பத்தோடு மட்டும் உண்டு குடிப்பவனின் மகிழ்ச்சி கட்டளையின் மகிழ்ச்சி அன்று, அது அவன் வயிற்றின் மகிழ்ச்சி. (பண்டிகை விருந்துகளைப் பற்றி இதைவிடக் கடுமையாக எழுதியவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.) எந்த உணர்ச்சியை வரவழைப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, உங்கள் மேசையில் யாருக்கு இடம் போடுவது என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பை ஒட்டவைக்கும்படி எந்தச் சட்டமும் உங்களைக் கேட்கவில்லை.

மூங்கில்தோப்பு எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் தோழிக்கு வேறொன்றும் தேவைப்படும் என்று தோன்றுகிறது, அதாவது சுமையை இறக்கிவைக்கும் அனுமதி. சுக்காவில் தங்குவது குறித்த காலத்தில் மட்டும் செய்ய வேண்டிய கட்டளையாதலால் பெண்கள்மீது அது கடமையாகவே இல்லை, விரும்பிச் செய்பவர்களே பலர். ஆண்களுக்கும்கூட, அங்கே அமர்வது துன்பமாக இருந்தால் விலக்கு உண்டு. மழை வந்தால் எப்போது எழுந்து போகலாம் என்ற கேள்விக்கு பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தரும் அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது: கிண்ணத்தில் உள்ள கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை விழுந்தால் போகலாம். கஞ்சிக் கிண்ணத்தை வைத்துச் சட்டம் எழுதியவர்கள் மனிதரின் சிரமம் அறியாதவர்கள் அல்லர்.

பொருள் என்ன என்று கேட்டீர்கள். வெட்டிய தழையாலும் மூங்கிலாலும் வேய்ந்த அந்தக் கூரை வெயிலைவிட நிழலை மிகுதியாகத் தர வேண்டும். ஆனாலும் இரவில் இடுக்குகள் வழியே விண்மீன்கள் தெரியும்படி விடுவது வழக்கம். ஏழு நாளும் இதுவே நிலையான வீடு, கல்வீடு தற்காலிகமானது என்று எண்ணி வாழ வேண்டும் என்பது விதி. விளைச்சலை வீட்டில் சேர்த்து, இனி எல்லாம் நம் கையில் என்று மனம் நிமிரும் பருவத்தில்தான் இந்தக் கட்டளை வருகிறது. ஐரோப்பிய யூதர்களின் அஷ்கெனாசி மரபில் இதே பண்டிகையின் ஓய்வுநாளில், ‘எல்லாம் மாயை’ என்று தொடங்கும் பிரசங்கி நூலை வாசிக்கிறார்கள். துயரத்தை வெளியே நிறுத்திவிட்டு வரச்சொல்லும் பண்டிகையாக எனக்கு இது ஒருபோதும் தோன்றியதில்லை.

நெய்தல் எழுதியது:

எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. மகிழ்ச்சியை முழுக்கக் கடமையாகச் சுருக்கிவிட்டால் அது வறண்டுவிடும். இதே பண்டிகையின்போது எருசலேம் ஆலயத்தில் நடந்த தண்ணீர் மொள்ளும் விழாவைக் காணாதவன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே கண்டதில்லை என்கிறது மிஷ்னா. குருக்களின் நைந்த ஆடைகளைக் கிழித்துத் திரியாக்கி விளக்கேற்றினார்கள். பெரிய அறிஞராகிய ரபான் சிமியோன் பென் கமாலியேல் எட்டுத் தீப்பந்தங்களை வீசிப் பிடித்து விளையாடினார் என்று மிஷ்னாவை விளக்கும் நூலான தல்மூத் பதிவு செய்கிறது. பாட்டும் விளையாட்டும் இல்லாமல் அந்தப் பெருமகிழ்ச்சி இல்லை. உங்கள் கணவர் பெற்றோருக்கான ஓராண்டுத் துக்கத்தில் இருப்பதால் பாட்டு, கேளிக்கை ஆகியவற்றில் அவருக்குரிய வரையறையை உங்கள் சமயகுருவான ரபியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபிரகாம் முதல் தாவீது வரை ஏழு முன்னோரை நாளுக்கு ஒருவராகச் சுக்காவுக்கு அழைக்கும் உஷ்பிசின் வழக்கம் இருக்கிறதே, அந்த வேளையில் மாமனாரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்லுங்கள். கணவர் பேசக்கூடும்.

தென்றல்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. அந்த வரிசையைக் கணவரிடம் படித்துக் காட்டினேன்; அண்மையில் கணவரை இழந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை முதல் இரவுக்கு அழைக்கலாம் என்று அவரே சொன்னார். ஒரு நடைமுறைச் சந்தேகம்: மாமனார் சேர்த்துவைத்த மூங்கில்கள் இருக்கின்றன. கூரையை முதலில் கட்டிவிட்டுப் பின்னர் துணிச்சுவரை மாட்டலாமா?

மூங்கில்தோப்பு எழுதியது:

வேண்டாம். சுவர்கள் நின்ற பிறகே கூரை வேய வேண்டும் என்பது முறை. துணிச்சுவரானால் காற்றில் ஆடாதபடி கீழேயும் இழுத்துக் கட்டுங்கள். மரக்கிளையோ மாடமோ மேலே கவிந்திராத இடமாகப் பாருங்கள். பெரியம்மாவுக்குச் சாய்வுள்ள நாற்காலி ஒன்றை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.