விவாகரத்து கேஸ் நடக்கும்போது அம்மாவுக்கு மனநல ஆலோசனை தேவையா, வக்கீல் போதுமா?

கருங்கல்காரி:
என் சித்தி மகளுடைய விவாகரத்து கேஸ் நாகர்கோவில் கோர்ட்டில் ஒன்றரை வருஷமாக இழுக்கிறது. ஆறு வயசுப் பையன் அவளோடுதான் இருக்கிறான். அவளை மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போகலாம் என்று போன மாசம் வாயைத் திறந்தேன், குடும்பமே என் மேல் சாடியது, "அவளுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று. வாய்தாவுக்கு முந்தின ராத்திரி அவள் தூங்குவதே இல்லை. காலையில் பையனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை பட்டன் போடும்போது கை நடுங்குகிறது, அவன் அம்மா கையை விலக்கிவிட்டு "நானே போட்டுக்கிறேன்" என்கிறான். இதற்கு வக்கீலிடம் என்ன மருந்து இருக்கிறது, சொல்லுங்கள்.

இரணியல்வாசி:
தங்கச்சி, தப்பாக நினைக்காதே. என் தங்கையும் இந்த வழியில் வந்தவள்தான். கவுன்சிலிங் என்று சொல்லி கோர்ட்டில் மூன்று தடவை உட்காரவைத்தார்கள், மூன்று தடவையும் "பிள்ளையை நினைச்சு அனுசரிச்சுப் போ" என்ற ஒரே பேச்சு. அடி வாங்கினவளிடம் சொல்கிற பேச்சா அது? அவள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக் கம்பெனியில், வேலை பார்த்தாள், ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, அவளுக்குக் கிடைக்கப் பதினோரு மாசம் ஆனது. அரிசி வாங்கப் பணமும் போட்ட நகையும் திரும்பி வந்தால் தூக்கம் தானாக வரும். பெற்றவளும் கூடப்பிறந்தவர்களும் சொல்லாத ஆறுதலை முன்பின் தெரியாத ஒருவர் சொல்லிவிடுவாரா?

கருங்கல்காரி:
அண்ணே, உங்கள் தங்கைக்கு நடந்தது கோர்ட் கவுன்சிலிங். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டமே சமரசத்துக்கு முயற்சி செய்யச் சொல்கிறது, அதனால் அவர்கள் அங்கேயே சுற்றுகிறார்கள். நான் சொல்வது வேறு. நல்ல ஆலோசகர் சேர்ந்து வாழ் என்றும் சொல்ல மாட்டார், பிரிந்து போ என்றும் சொல்ல மாட்டார், அந்த முடிவு அவளுடையது. ஆறுதல் வீட்டிலும் கிடைக்கும்தான், ஆனால் எங்கள் சித்தி ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் ரெண்டாவது நிமிஷம் தானே அழுகிறாள், அப்புறம் இவள் அவளைத் தேற்ற வேண்டியிருக்கிறது. செலவைப் பற்றிக் கேட்டால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, 2021 முதல் டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் இல்லை. போகவே முடியாதவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022-இல் வந்தது, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

குளச்சல்காரன்:
அக்கா, நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் ஆபத்து இருக்கிறது. 1955 இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கே ஒரு காரணம். எங்கள் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே இருக்கிற அக்காவின் தூக்க மாத்திரை அட்டையை அவர் புருஷன் போனில் படம் பிடித்துவைத்து, "இவளிடம் பிள்ளையை எப்படி விடுவது?" என்று கோர்ட்டில் கேட்க வைத்தான். அன்றிலிருந்து அந்த அக்கா தலைவலி மாத்திரைக்குக்கூடப் பயப்படுகிறார். பிள்ளை யாரிடம் என்று தீர்ப்பு வரட்டும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதுதான் நல்லது.

வடசேரி சிஸ்டர்:
தம்பி, நான் மனநலப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ். அந்தப் பயம் பொய்யில்லை, ஆனால் இன்னொரு சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும், புருஷன் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. உத்தரவு போட்டு வாங்க வழி உண்டு, அப்போதும் தேவையான அளவுதான். மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லவும் முடியாது. மருந்து சாப்பிடுகிறவர் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும், மறைத்தால்தான் எதிராளி கையில் ஆயுதமாகிறது.

உள்ளே என்ன நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் பார்த்தவரை முதல் சில தடவை பாதிப் பேச்சு தூக்கத்தைப் பற்றித்தான். அப்புறம் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று. ஒரு அம்மா "அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கார்" என்றே எட்டு மாசம் சொல்லிக்கொண்டிருந்தார், பையன் தினமும் வாசலில் போய் நின்றான். "நாங்க ரெண்டு பேரும் இனி ஒரே வீட்டில் இருக்க மாட்டோம், ஆனா அவர் உனக்கு எப்பவும் அப்பாதான், இது உன்னால வந்தது இல்லை" என்ற மூன்று வரியைச் சொல்ல அவருக்கு நாலு வாரம் ஆனது. அந்த அறையில் சொல்லிப் பார்த்து, அழுது, மறுபடி சொல்லிப் பார்த்து, அப்புறம்தான் வீட்டில் சொன்னார். ஒன்று மட்டும், வீட்டில் இன்னும் அடி நடக்கிறது என்றால் முதல் போன் பெண்கள் உதவி எண் 181-க்கு. மூச்சுப் பயிற்சி எல்லாம் அப்புறம்.

இரணியல்வாசி:
சிஸ்டர் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். என் தங்கைக்குத் தீர்ப்பு வந்து ஐந்து வருஷமாகிறது, பணமும் வந்துவிட்டது. இன்னும் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால், கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து, சாப்பிடுகிற இலையை விட்டு எழுந்து நிற்கிறாள். பணம் வந்தால் சரியாகும் என்று நான் சொன்னது அவள் விஷயத்திலேயே நடக்கவில்லை. ஆனாலும் ஜீவனாம்ச மனுதான் முதலில், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கருங்கல்காரி:
மனு போட்டாச்சு அண்ணே, அதை யாரும் நிறுத்தவில்லை. வியாழக்கிழமை அவளை ஆசாரிப்பள்ளம் கூட்டிப்போகிறேன், திங்கள்நகர் பஸ் ஸ்டாண்டில் எட்டு மணிக்கு நிற்போம். உங்கள் தங்கைக்கும் மனசிருந்தால் வரச்சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.