சாகவானிர்க்டோக் ஆற்றோரக் குழாய்த்தடம்: பழைய வரைபடத் தாளும் புதிய உயரத் தரவும் ஏன் ஒத்துவரவில்லை?

வரைபட மாணவன் (கேள்வி):
அலாஸ்காவில் புரூக்ஸ் மலைத்தொடரிலிருந்து பியூஃபோர்ட் கடலுக்கு ஓடும் சாகவானிர்க்டோக் ஆற்றையும், அதையொட்டிச் செல்லும் எண்ணெய்க் குழாயையும் டால்டன் நெடுஞ்சாலையையும் பயிற்சிக்காக 1:25,000 அளவில் வரைந்து வருகிறேன். விண்வெளி ரேடார் அளவையான எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு வடக்கே 60 பாகையோடு நின்றுவிடுவதால், செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவான ஆர்க்டிக்டெம் (ArcticDEM) உயர மாதிரியின் 2 மீட்டர் தரவை எடுத்தேன். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் பழைய 1:63,360 வரைபடத் தாளோடு ஒப்பிட்டால் உயரங்களும் பொருந்தவில்லை, ஆற்றின் கிளைகளும் பொருந்தவில்லை. தவறு எங்கே?

நிலஅளவர்:
உயரத்தைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு தளத்திலிருந்து அளக்கப்பட்டவை. ஆர்க்டிக்டெம் உயரத்தை டபிள்யூ.ஜி.எஸ். 84 எலிப்சாய்டிலிருந்து (பூமியின் வடிவத்துக்கான கணித நீள்வட்டத் தளம்) மீட்டரில் தருகிறது. தாளோ கடல்மட்டத்திலிருந்து அடியில் தருகிறது. முதலில் ஜியாய்டு திருத்தம் செய்யுங்கள், அதாவது எலிப்சாய்டுக்கும் சராசரிக் கடல்மட்டத் தளமான ஜியாய்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்து, அலகையும் ஒன்றாக்குங்கள்; சம உயரக்கோடுகளை அதற்குப் பிறகு வரையலாம்.

பனியாறு:
ஆற்றின் சிக்கல் வேறு. அந்தத் தாள்களுக்கு அடிப்படையான வான்படங்களில் பெரும்பாலானவை 1950களைச் சேர்ந்தவை. குழாய் கட்டப்பட்டதே 1975-77இல்தான். பின்னிப் பிரியும் சரளை ஆறு அதற்குள் பலமுறை தடம் மாறியிருக்கும். அதைவிட ஏமாற்றுவது ஆஃபைஸ் (aufeis) எனும் அடுக்குப் பனிக்கட்டி: குளிர்காலத்தில் ஆறு அடிவரை உறைய, கீழே அழுத்தப்படும் நீர் மேலே கசிந்து, அடுக்கடுக்காக உறைந்து, சில மீட்டர் கனத்துக்கு உயர்ந்துவிடுகிறது. 2015 வசந்தத்தில், நெடுஞ்சாலையின் வடமுனையிலுள்ள டெட்ஹார்ஸ் அருகே இப்படி வழிந்த நீர்தான் நெடுஞ்சாலையை மூழ்கடித்து, போக்குவரத்தை நாள்கணக்கில் நிறுத்தியது. ஜூன் மாதச் செயற்கைக்கோள் படத்திலிருந்து உருவான தரவு அந்தப் பனிக்கட்டியின் முதுகையே நிலம் என்று காட்டக்கூடும். எனவே பல தேதிப் படங்களை ஒட்டிணைத்த மொசைக்கை நம்பாமல், தேதியுள்ள தனித்தனித் தரவுப் பட்டைகளில் ஆகஸ்டு மாதத்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். என் கருத்தில், இந்த ஆற்றுக்குப் பிக்சலின் அளவைவிடப் படம் எடுத்த தேதியே முக்கியம்.

வரைபட மாணவன்:
திருத்தத்துக்குப் பின் மேட்டுநிலம் பொருந்திவிட்டது, நன்றி ஐயா. ஆனால் குழாயின் வழியே மெல்லிய மேடு ஒன்று விட்டுவிட்டுத் தெரிகிறது.

பனியாறு:
அது பெரும்பாலும் குழாயேதான். உள்ளே ஓடும் சூடான எண்ணெய் உறைமண்ணை இளக்கிவிடும் என்பதால், 1,287 கிலோமீட்டரில் ஏறத்தாழ 676 கிலோமீட்டர் தூரத்துக்குக் குழாயைத் தாங்குகால்களின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஆர்க்டிக்டெம், நிலத்தின்மேல் நிற்பவற்றையும் சேர்த்துக் காட்டும் மேற்பரப்பு மாதிரி; ஆகையால் குழாயையும் சேர்த்தே அளக்கிறது. அங்கு மட்டும் இஃப்சார் (IFSAR) எனும் வான்வழி ரேடார் தரவின் 5 மீட்டர் வெறுநில மாதிரியை (நிலத்தின்மேல் உள்ளவற்றை நீக்கியது) பயன்படுத்துங்கள். அந்த மேட்டை அழிப்பதற்கு முன், அது அறுபடும் இடங்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் சில, குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடங்களாக இருக்கலாம்; வான்படத்தோடு சரிபார்த்த பின் அங்கே கோட்டின் குறியீட்டை மாற்றலாம்.