தம்பியை ஐடிஐயில் எந்த டிரேடில் (தொழில் பிரிவில்) சேர்க்கலாம்? அம்பத்தூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வீடு ஆவடியில். தம்பி இந்த வருடம் ஐடிஐ சேரப் போகிறான். வெல்டர் 1 வருடம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் 2 வருடம். எது என்று வீட்டில் தினமும் பேச்சு.

வேலை விளம்பரங்களைப் பார்த்து முடிவெடுக்க பயமாக இருக்கிறது. கிராக்கி இருந்தாலும் விளம்பரம் வரும், ஆட்கள் நிற்காமல் ஓடினாலும் திரும்பத் திரும்ப வரும். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் கம்பெனியில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் தேடுகிறார்கள்? சிஎன்சி (கணினியில் இயங்கும் மெஷின்) ஆபரேட்டரா, மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனா? அப்புறம், அப்ரண்டிஸ் முடித்தவர்களை நிரந்தரமாக எடுக்கிறார்களா, கான்ட்ராக்டிலேயே வைக்கிறார்களா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் தொடக்கச் சம்பளத்தையும் சொன்னால் பெரிய உதவி. விண்ணப்பம் போடும் முன் தெரிய வேண்டும்.