கார்டு பாக்கெட்டுக்குள் சீட்டை யார் குலுக்கிப் போடுகிறார்கள்?

எடிசன்_அப்பா
நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பையனுக்கு ஒன்பது வயது, ஒரு வருடமாக பேஸ்பால் கார்டு (வீரர்கள் படம் போட்ட அட்டை, பாக்கெட்டில் யார் வருவார்கள் என்று தெரியாது) பைத்தியம். நேற்று ஒரே பெட்டியிலிருந்து மூன்று பாக்கெட் எடுத்தான், இரண்டில் ஒரே ஆள். "உள்ள யாருப்பா குலுக்கிப் போடுறாங்க?" என்று கேட்டான், முழித்தேன். நம் ஊரில் நான் விளையாடியதெல்லாம் டிரம்ப் கார்டு, கட்டு வாங்கினால் மொத்தமும் இருக்கும், இந்தத் தொல்லையே கிடையாது. இன்னொன்று, பாக்கெட் பின்பக்கம் அரிய கார்டுக்கு 1:24 என்று போட்டிருக்கிறதே, 24 பாக்கெட் வாங்கினால் ஒன்று கண்டிப்பாக வருமா? கடைக்காரர் நல்லதைப் பார்த்து ஒதுக்கிவிட முடியுமா?

ரோல்ஃபிலிம்
கார்டு கம்பெனி எனக்குத் தெரியாது. ஆனால் ஓசூர் பக்கம் பிஸ்கட் பாக்கிங் லைனில் பன்னிரண்டு வருடம் நின்றவன், அதனால் உறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், முதுகில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு ஓடும், இரண்டு முனையிலும் பல் பதிந்த மாதிரி வரிவரியாக இருக்கும். ரோலில் இருந்து வரும் ஃபிலிம் குழாய் மாதிரி வளைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும், கார்டு அடுக்கு அதற்குள் போகும், சூடான இரண்டு தாடை கடித்து ஒட்டும்போதே நடுவில் கத்தி வெட்டிவிடும். இந்தப் பாக்கெட்டுக்கு வால், அடுத்ததற்குத் தலை. கிரீம் பிஸ்கட்டுக்கும் இதே கதைதான் சார்.

டொராண்டோ சீட்டுக்காரன்
உறையைவிட சுவாரசியம் உள்ளே போகும் வரிசைதான். சீட்டுக்கட்டு மாதிரி யாரும் குலுக்குவதில்லை. கார்டுகளைப் பெரிய ஷீட்டில் அச்சடிப்பார்கள். டாப்ஸ் என்ற கார்டு கம்பெனியின் பழைய ஷீட்டில் 132 கார்டு, 11க்கு 12. 1982 முதல் 1992 வரை அவர்களின் ஒரு வருட செட்டில் 792 கார்டு இருந்தது, ஆறு ஷீட், கணக்கு சரியாக வருகிறதா? ஷீட்டுகளை அடுக்கி வெட்டினால் ஒரே இடத்தில் இருந்தவர்கள் ஒரே அடுக்காக வந்துவிடுவார்கள், மெஷின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்றொன்றாக இழுத்துச் சேர்க்கும். அதனால் பழைய பாக்கெட்டுகளில் இவருக்குப் பிறகு இவர் என்று ஒரு வரிசையே வரும், அதை மனப்பாடமாக வைத்திருந்த ஆட்களும் உண்டு. உங்கள் பையனின் அதிர்ஷ்டம் பாதி வெட்டும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டில் எந்த இடம் என்பதும் ஒரு தலைவிதி. 1989இல் அப்பர் டெக் என்ற கம்பெனியின் கார்டு வந்தபோது முதல் எண் பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியருக்கு, ஷீட்டின் மூலையில் அவர். மூலை என்றால் அடி படும், நசுங்கும். இன்று அந்தக் கார்டில் நாலு முனையும் கூர்மையாக இருந்தால்தான் மதிப்பு.

1:24 என்பது மொத்த அச்சுக்கும் போட்ட சராசரி. 24 பாக்கெட்டில் ஒன்றுகூட வராமல் போகலாம், இரண்டும் வரலாம்.

கால்பந்துப் பித்தன்
இத்தாலியில் கால்பந்து வீரர்கள் படத்தைப் பாக்கெட்டில் விற்ற பனினி குடும்பம் கதை இதைவிட ஜாலி. 1961இல் மொடேனாவில் ஆரம்பித்தபோது படங்களைக் கையாலேயே கலந்தார்கள், வெண்ணெய் கடையும் பீப்பாயில் போட்டுச் சுற்றிய கதையும் உண்டு. அப்புறம் தம்பி உம்பெர்டோ ஒரு மெஷினே செய்தார், பெயர் ஃபிஃபிமாட்டிக். ஒரே பாக்கெட்டில் ஒரே முகம் இரண்டு தடவை விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கவனியுங்கள், ஒரே பாக்கெட்டில்தான். அடுத்த பாக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை, நீங்கள் நண்பர்களோடு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதானே வியாபாரமே!

தராசு
கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. முடியும், ஓரளவு. நான் ஏமாந்தவன். ஒரு கடையில் தனிப் பாக்கெட்டாக இருபது வாங்கினேன், ஒன்றில்கூட ஜெர்சித் துணித் துண்டு பதித்த அரிய கார்டு இல்லை. அப்புறம்தான் புரிந்தது, சாதாரணக் கார்டு இரண்டு கிராம்கூட வராது, துணி வைத்தது தடிமன், நகைக்கடைத் தராசில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். கனமானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதைத் தடுக்கத்தான் சில பாக்கெட்டில் ஒன்றும் அச்சிடாத தடி அட்டை ஒன்றைச் சேர்ப்பார்கள், எல்லாம் ஒரே எடை காட்டும். அந்தக் காலத்து மெழுகுத்தாள் பாக்கெட் இன்னும் மோசம், சூடு காட்டினால் பிரியும், திரும்ப சூடு காட்டினால் ஒட்டும். வாங்குவதென்றால் சீல் உடையாத பெட்டியாக வாங்குங்கள். அதுவும் முழு உத்தரவாதம் என்று சொல்ல மாட்டேன், 2024இல் பெட்டியைப் பிரிக்காமலே சி.டி. ஸ்கேன் செய்து உள்ளே பார்க்கும் சேவையே வந்துவிட்டது.

எடிசன்_அப்பா
எல்லோருக்கும் நன்றி. தராசு அண்ணா, அந்தத் தடி அட்டை எங்கள் வீட்டில் நாலு கிடக்கிறது. அச்சுப் பிழை, பெரிய விலைக்குப் போகும் என்று அவன் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறான். இதை எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது யோசனை.